ஏறவில்லை

மின்தூக்கிக் கதவில்
'ரோசாக்' என்று அட்டை தொங்கிய அதே திங்கட்கிழமை
என் மணிக்கட்டுப் பட்டைக்கும்
சார்ஜ் ஏறவில்லை.

காந்தம் டக்கென்று இழுத்துக்கொள்கிறது,
அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.
ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் ஏறாது.
இப்படி ஒரு மாப்பிள்ளை
எங்கள் குடும்பத்திலும் உண்டு.

கொம்தார் கடைப் பையன் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.
"புதுசு எடுங்க அக்கா, அதுதான் மலிவு."
வாரண்டி ஆறு மாதம்,
இது ஏழாவது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, பதினான்காம் மாடி.
மாடிக்குப் பதினாறு படி.
இருநூற்று இருபத்து நான்கு என்று
முதல் நாளே வாய் எண்ணிவிட்டது,
பட்டை எண்ணாததால்.

பாயான் லெப்பாசில் எங்கள் தொழிற்சாலை
பத்தாயிரம் அடிப் போட்டி வைத்திருக்கிறது.
முதல் பரிசு ஏர் ஃப்ரையர்.
நான் இரண்டாவது. பேக்கிங் சுவீ லான் முதலாவது.
பட்டையை நாய்க்குக் கட்டிவிடுகிறாள் என்று லைனில் பேச்சு.
நான் நம்பவில்லை,
அந்த நாயைப் பார்த்திருக்கிறேன்.

பத்தொன்பது வருஷம்
நுண்ணோக்கியில் ஊரான் பலகைகளின் ஈயத்தைப் பார்த்த கண்.
வீட்டில் இருப்பது
அவருடைய வாசிப்புக் கண்ணாடியும்
கைப்பேசி வெளிச்சமும்தான்.
பட்டையைக் கவிழ்த்தேன்.
நான்கு புள்ளி, இரண்டில் பச்சை.
களிம்பு.
என் வியர்வை, என் உப்பு.
வேறு யார் கட்டினார்கள் இதை?

மகளின் அழிப்பானால் தேய்த்தேன்.
வினிகர் தொட்டுப் பல் துலக்கியால் தேய்த்தேன்.
ஊரடங்குக் காலத்து ஜெல் ஒரு பாட்டில் மிச்சமிருந்தது,
அதையும் பூசி,
பிசுபிசுப்பை எடுக்க இன்னொரு நாள் போனது.
தொழிற்சாலையில் ஆல்கஹால் பீப்பாயாக இருக்கிறது.
எனக்கு வேண்டியது ஒரு சொட்டு.
மருந்துக்கடைத் துடைப்பான் பத்து, மூன்று ரிங்கிட்.
இறங்கினேன், இருநூற்று இருபத்து நான்கு.
ஏறினேன்.

ஒன்பதாம் மாடித் திருப்பத்தில்
கேஸ் தோங்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார் கக் ரோஸ்னா.
"லிப்ட் எப்போ?" என்றார்.
"என் கையும் ரோசாக்" என்று காட்டினேன்.
ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை.
ஆளுக்கொரு பக்கம் தோங்கைப் பிடித்து
பதினொன்று வரை ஏற்றினோம்.

ஒன்பதாம் நாள் இரவு.
கொப்பிப் பொட்டல ரப்பர் வளையத்தால்
பட்டையையும் சார்ஜரையும் இறுக்கிக் கட்டி
அரிசி டப்பா மேல் வைத்துவிட்டுப்
பாத்திரம் கழுவப் போனேன்.
டப்பா உறுமியது.
ஒரு சதவீதம்.
ஈரக் கையோடு நின்று பார்த்தேன். இரண்டு.

பிறகு அது பேசியது:
வணக்கம் புஷ்பவள்ளி,
ஒன்பது நாள் நன்றாக ஓய்வெடுத்திருக்கிறீர்கள்.
இன்று மெதுவாகத் தொடங்கலாமா?

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே
வாசித்துக் காட்டினேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.

மறுநாள் மின்தூக்கிக்கு ஆள் வந்திருந்தான்.
சட்டைப் பையில் பெயர், சர்குணன்.
மண்டியிட்டுக் கதவோரம் எதையோ தேய்க்கிறான்,
கையில்
பழைய பல் துலக்கி.
"மோட்டார்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா.
இங்க தொடணும், தொடல."
மிச்சமிருந்த இரண்டு துடைப்பான்களைக் கொடுத்தேன்.
எதற்கு வைத்திருக்கிறேன் என்று அவன் கேட்கவில்லை.

பொத்தான் எரிந்தது.
அரிசி மூட்டையோடு உள்ளே நின்றேன்.
ஐந்து, ஆறு, ஏழு.
மணிக்கட்டில் பூஜ்யம்
இமைக்கக்கூட இல்லை.
கெண்டைக்கால்தான் விடவில்லை,
நூற்றுப் பன்னிரண்டு,
நூற்றுப் பதின்மூன்று.